குறை சொல்ல ஒன்றுமில்லை

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரிட்டன் நாடே அடித்துக்கொண்ட அந்த வருடம், என் அண்ணன் மனைவி க்ளெண்டா மூன்றாம் மாடியில் சிறைப்பட்டுக் கிடந்தாள். லிப்ட் கிடையாது. அண்ணன் ராய்க்குப் பக்கவாதம். படி இறங்க முடியாது. அவனைத் தனியே விட்டு அவளும் இறங்க முடியாது. வாடகை வீடு ஒதுக்கும் ஊர்க் கவுன்சில் தரைத்தளத்தில் ஒரு வீடு கொடுத்தால் இருவருக்கும் விடுதலை.

லிங்கன்ஷயரில் எங்கள் ஊர் ஆலையில் ஆயுசெல்லாம் முட்டைக்கோஸ் பொட்டலம் கட்டியவள் அவள். இப்போது ஜன்னல்தான் அவள் உலகம். ஒன்றியத்திலிருந்து வயல்வேலைக்கு வந்த லிதுவேனியாக்காரர்கள் விடியலில் வேனில் ஏறுவதைப் பார்த்துவிட்டு என்னிடம் பொரிந்து தள்ளுவாள். வீடெல்லாம் அவர்களுக்கே போகிறதாம், டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் ஆகிறதாம். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஊர் நிரம்பித்தான் வழிந்தது. புதிதாக வீடு கட்டத்தான் ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

வசந்தத்தில் கீழே ஒரு வீடு காலியானது. நிலைமையைப் பார்க்கக் கவுன்சில் பெண் வந்தாள். எங்கள் க்ளெண்டா மகராசி என்ன செய்தாள் தெரியுமா? வீட்டைப் பளபளவென்று துடைத்தாள். ராய்க்குச் சவரம் செய்து டை கட்டிவிட்டாள். கமோடு நாற்காலியைக் குளியலறைக்குள் தள்ளி மறைத்தாள். நல்ல பிஸ்கட்டை எடுத்து வைத்தாள். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று வந்தவள் கேட்டதும், "குறை சொல்ல ஒண்ணுமில்லைங்க, ஏதோ ஓடுது" என்றாள். எங்களுக்கு அது வணக்கம் சொல்வது மாதிரி. கூரை தீப்பிடித்தாலும் அதைத்தான் சொல்வோம். வந்தவள் சொன்னதைத்தானே எழுதுவாள்? சமாளிக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

வீடு டைவா என்ற லிதுவேனியாப் பெண்ணுக்கும் அவளுடைய இருமல்காரப் பிள்ளைக்கும் போனது. அன்றே 'விலகு' சுவரொட்டி க்ளெண்டாவின் ஜன்னலில் ஏறியது.

ஒருநாள் டைவா என் பைகளை மேலே தூக்கி வந்து கொடுத்தாள். பேச்சுவாக்கில், கவுன்சில் பெண்ணிடம் என்ன சொன்னீர்கள் என்று க்ளெண்டாவைக் கேட்டாள். க்ளெண்டா சொன்னாள்.

டைவா அவளையே பார்த்தாள். "நான் அழுதேன். பழைய வீட்டுச் சுவத்துல பூஞ்சையத் தொட்டுப் பாக்க வச்சேன். நீங்க பிஸ்கட்டா குடுத்தீங்க?"

வாக்கெடுப்பில் விலகல் ஜெயித்தது. படிக்கட்டு அப்படியேதான் இருந்தது. இலையுதிரும் காலத்தில் இன்னொரு கீழ்வீடு காலியாகி, அதே பெண் மறுபடி வந்தாள். இந்தமுறை நான் விடவில்லை. கமோடு நடுக்கூடத்தில், ராய் தாடியோடு. உள்ளதை உள்ளபடி சொல்லு என்று க்ளெண்டாவுக்கு ஒரு வாரமாகப் பாடம் வேறு.

எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். க்ளெண்டாவின் மோவாய் நடுங்கியது. அப்பாடா, வருகிறது என்று நினைத்தேன். அவள் எழுந்து கமோடின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

"வீடு அலங்கோலமா கெடக்கு, மன்னிச்சுக்குங்க. எங்களுக்கென்ன, குறை சொல்ல ஒண்ணுமில்லை. டீ போடட்டுமா?"

அந்தப் பெண் படியிறங்கிப் போன பிறகு க்ளெண்டா ஜன்னலோரம் நின்று, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

"இப்ப அழுது என்ன பண்றது, க்ளெண்டா? அந்தப் பொண்ணோட கார் போயிடுச்சு" என்றேன்.