ரெண்டு வருசம் உழைக்கும்

அரசாங்கம் கொடுத்த கலர் டிவி எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம்தான் கட்டிலும் வந்தது. அதுவரை மூன்று பேருக்கும் கோரைப்பாய்தான். நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அந்த வருஷம் இருமல் முற்றி, வேலைக்குப் போவது நின்றிருந்தது. தரையில் படுத்தால் மூச்சு இழுத்தது. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்த அம்மா, "கட்டில் வாங்கணுமாம்" என்று மட்டும் சொன்னாள். நைனா நம்பினார். எனக்கு ஒன்பது வயது. கட்டில் வரப்போகிற சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அம்மா எதை வாங்கினாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எத்தினி வருசம் உழைக்கும்?" வாளி, செருப்பு, என் புத்தகப்பை என்று எதுவும் தப்பியதில்லை. ஐந்து வருஷம் என்றால், பத்து வருஷம் ஏன் உழைக்காது என்று மல்லுக்கு நிற்பாள். எனக்கு மானம் போகும்.

மூன்று பேருமாகக் கிளம்பிப் போனோம். பஜாரில் மரச்சாமான் கடை வைத்திருந்த பாய் மூன்று கட்டில் காட்டினார். தேக்கைத் தட்டி, "உன் பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்மா" என்றார். வேம்பைக் காட்டி, பூச்சி அரிக்காது, இருபது வருஷத்துக்குக் கவலையில்லை என்றார். மூன்றாவது, கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்த பலகையில் செய்தது.

"பெட்டி மரம். ரெண்டு வருசம் உழைக்கும். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

"அது போதும்" என்றாள் அம்மா.

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து எந்தக் கடையிலும் நான் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாம்மா நீ? ரெண்டு வருசத்துல ஒடஞ்சிட்டா அப்பறம் நைனா எங்க படுக்கும்?" என்று கத்தினேன்.

பளாரென்று அறைந்தாள். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அறை வாங்கியது நான், முதலில் அழுதது அவள்.

நைனா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி மரக் கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார். தலைமாட்டுப் பலகையில் கறுப்பு மையில் ஒரு கண்ணாடிக் கோப்பை அச்சடித்திருந்தது. அது என்ன என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"உள்ள ஒடையற சாமான் கீது, பாத்து எறக்குன்னு அர்த்தம்" என்றார். பிறகு கடைக்காரரிடம், "இதையே வண்டில ஏத்துங்க பாய்" என்றார்.

அந்தக் கட்டிலில் நைனா ஏழு மாதம் படுத்தார். தேக்கு வாங்காமல் மிச்சம் பிடித்தது அதற்கப்புறம் எங்களுக்கு அரிசி ஆனது. கடைக்காரர் கணக்கும் தப்பிப்போனது. கட்டில் இன்னும் உழைக்கிறது. அம்மா மட்டும் அதில் ஒரு நாளும் படுத்ததில்லை.

அன்றைக்கு மீன்பாடி வண்டியில் கட்டிலோடு நானும் நைனாவும் உட்கார்ந்து வந்தோம். அம்மா வண்டியில் ஏற மாட்டேன் என்று பின்னால் நடந்து வந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் நைனா என் கன்னத்தைத் தடவினார்.

"அம்மா மேல கோவப்படாத. எத்தினி நாளா தனியா தாங்கிக்கினு கீதோ" என்றார்.

அம்மா அறைந்ததற்குத்தான் சமாதானம் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"ரொம்ப வலிக்குது நைனா" என்றேன்.

"வலிக்கும்" என்றார்.