ஒரு நாள் கட்சிக்காரி

லோர்னா வெட்டர் எங்கள் அமெரிக்கச் சிற்றூரின் கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். எந்தக் கட்சியையும் சாராதவள். அதனாலேயே மாநிலத்தின் தொகுதி வரைபடத்தைப் போடும் எல்லைக் குழுவுக்குத் தலைவராக அவள் பெயர் அடிபட்டது. குழுவில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் தலா இருவராக நால்வர். அவர்கள் தேர்ந்தெடுக்கும் தலைவர் கடந்த மூன்று வருடமாவது எந்தக் கட்சியிலும் பதியாமல், கட்சி வாடையே படாதவராக இருக்க வேண்டும்.

நேர்காணலுக்குக் காரில் போகும்போதுதான் அவளுக்கு அது நினைவு வந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலே, போலீஸ் தலைவரான ஷெரீஃப் யாரென்று தீர்த்துவிடும். இன்னொரு கட்சி ஆளே நிறுத்தாது. பிரைமரியில் அந்தக் கட்சியில் பதிந்தவர்கள்தான் ஓட்டுப் போட முடியும். அதனால் கட்சி சாராதவர்களும் அன்று காலை அந்தக் கட்சியில் பதிந்து, ஓட்டுப் போட்டு, மறுநாள் விலகிவிடுவோம். போன வருடம் லோர்னாவும் பதிந்திருந்தாள்.

"அதெல்லாம் ஒரு கட்சியா? சினிமாவுக்கு டிக்கெட் வாங்கற மாதிரிதானே!" என்றார் வண்டி ஓட்டிய அவள் கணவர் டுவைட்.

"விதியில அப்படி இல்லையே."

"நீ சொல்லித் தொலைச்சேன்னா, பட்டியல்ல அடுத்த ஆள் அந்த கோர்ஹம்தான். காகிதத்துல சுத்தம். ஞாயித்துக்கிழமையானா மாநில செனட் தலைவரோட படகுல."

லோர்னா, துணைக்கு வந்து பின்சீட்டில் இருந்த என் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொல்ற?"

குடியுரிமை வாங்கியும் அரசாங்கக் கட்டடம் என்றாலே எனக்குப் பயம். "இன்னிக்கு மறைச்சா, நாளைக்கு வரைபடம் பிடிக்காதவன் தோண்டி எடுப்பான். அப்புறம் கோர்ட்டு, வரைபடமே போயிடும்," என்றேன். சொன்ன கையோடு, வாயை மூடிக்கொண்டிருக்கலாமே என்று தோன்றியது.

நேர்காணலில் உட்கார்ந்ததும் லோர்னா அதைத்தான் முதலில் சொன்னாள். "நானும் அதே வரிசையிலதாம்மா நின்னேன்," என்று ஓர் உறுப்பினர் சிரித்தார். குழுவின் வக்கீல் சிரிக்கவில்லை. தகுதியில்லை என்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்து கோர்ஹம். எதைக் கேட்டாலும் வழுக்கிக்கொண்டு வந்தது பதில்.

பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. லோர்னா எழுந்து மைக்கைப் பிடித்தாள்.

"மிஸ்டர் கோர்ஹம், இந்தப் பதவிக்கு உங்களை மனுப்போடச் சொன்னது யாரு?"

அவர் வாயைத் திறக்குமுன் முன்வரிசையில் இருந்த செனட் தலைவரின் உதவியாளரைப் பார்த்தார். ஒரு நொடிதான். குழுவின் நால்வரும் பார்த்துவிட்டார்கள்.

வாக்கெடுப்பில் அவருக்கு விழுந்தது இரண்டே ஓட்டு; ஜெயிக்க மூன்று வேண்டும். தலைவர் நாற்காலி காலி. புதிதாக மனுக் கேட்பார்களாம்.

"அந்த ஆளை நல்லா மாட்டிவிட்ட," என்றார் டுவைட் காரில். "இப்ப நிம்மதியா?"

"எங்க நிம்மதி? இதைப் பார்த்துட்டு அடுத்து வர்றவன் யாரையும் திரும்பிப் பார்க்காம பொய் சொல்லுவான்."