சுவரில் வந்த தளிர்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

சமையல் காஸ் கிடைக்காத அந்த வருடம் மனைவி விறகுக்கு மாறினாள். முற்றத்தில் ஒரு தகரத்தின் கீழே சமையல். மாரி வந்தால் அடுப்பு நனைந்துவிடும். அதற்கு முன் சமைக்க மண் குசினி ஒன்று கட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற எனக்குச் சுவர் வைத்துப் பழக்கமில்லை. யாரிடமும் கேட்கவும் வெட்கம்.

எங்கள் வேலியில் கிளுவை நிறைய நின்றது. அதைப் பச்சையாக வெட்டிச் சுவருக்குக் கம்பங்களாக நட்டேன். குறுக்கே மெல்லிய தடிகளைக் கட்டினேன். புற்றுமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, ஒரு நாள் ஊறவிட்டேன். மண்ணை இரண்டு பக்கத்தாலும் ஒரே நேரத்தில் அப்ப வேண்டும். ஒருவர் மட்டும் அப்பினால் மண் உருண்டை மறுபக்கம் விழுந்துவிடும். உள்ளே அவள், வெளியே நான். முன்பக்கம் திறப்பு; நாலு நாளில் மற்ற மூன்று சுவரும் முடிந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, பதினைந்து நாள் இருக்கும், அவள் கூப்பிட்டாள்.

"இஞ்ச வந்து பாருங்கோ. உங்கட சுவர் தளிர் விட்டிருக்கு!"

உண்மைதான். மண்ணை வெடிக்க வைத்துக்கொண்டு பச்சை இலைகள் எட்டிப் பார்த்தன. பக்கத்து வீட்டு அக்காவும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ தம்பி, வேலிக் கிளுவையையோ சுவருக்கு நட்டனீங்கள்? அது சும்மா கிடக்குமோ! என்ர ஆட்டைக் கொண்டுவந்து கட்டட்டோ?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழைக்கு முதல் சரிக்கட்ட ஏலுமோ அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன் ஏலாது? காய்ஞ்ச காட்டுத் தடி வேணும். என்ர மனுசனை வரச் சொல்லுறன்."

மறுநாளே அவர் காய்ந்த பாலைத் தடிகளோடு வந்தார். மண்ணை உடைத்து இறக்கி, கிளுவையைப் பிடுங்கிப் பாலைத் தடிகளை நட்டு, அதே மண்ணைத் தண்ணீர் ஊற்றி நாலு பேரும் திரும்ப மிதித்து அப்பினோம். அக்கா ஆட்டுக் கதையை விடவே இல்லை. பிடுங்கிய கிளுவையை மனைவி வேலியிலேயே நட்டுவிட்டாள்.

கடைசிச் சுவர் காய்ந்து ஒரு கிழமையில் மழை பிடித்தது. வெளிப்பக்கம் நனைந்து கறுத்தது, கரையவில்லை. அடுப்பு எரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு மாரியும் போய்விட்டன.

எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்து இன்றுதான் எழுதினேன். கார்த்திகை மாதம், இரண்டாம் வெள்ளிக்கிழமை.