குளித்ததும் அரிக்கிற உடம்பு

குளித்துவிட்டு வந்தால் எனக்கு உடம்பு அரிக்கும். சும்மா நமநமவென்று இல்லை, தோலை உரித்துக் கொடியில் போட்டுவிடலாமா என்கிற அளவுக்கு அரிக்கும். குளிக்கிறபோது ஒன்றும் இருக்காது. துவட்டிப் புடவை கட்டி அடுப்படிக்கு வருவதற்குள் கழுத்தில் தொடங்கும், தோளுக்கு இறங்கும், அப்புறம் முதுகு. முதுகிலும் கை எட்டாத இடமாகப் பார்த்துத்தான் அரிக்கும். கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து எங்கள் வீட்டு மாடே வெட்கப்பட்டிருக்கும்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். பிறந்தது இந்தத் தீவின் தலைநகர் போர்ட் லூயிஸில், டிராங்கெபார் என்கிற பேட்டைப் பக்கம். வாழ்க்கைப்பட்டதோ தெற்கே, பெல் ஒம்ப்ருக்கு மேலே ஒரு கரும்புக் கிராமத்தில். என் மாமனார் கப்பலில் கூலியாக வந்தவர். தோட்டத்துரை நிலத்தைத் துண்டுபோட்டு விற்றபோது எப்படியோ பிரயாசைப்பட்டு நாலு ஆர்ப்பான் வாங்கிவிட்டார். ஆர்ப்பான் என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர். அவர் போன பிறகு அண்ணன் தம்பி இருவரும் அதில் கரும்பு போட்டு ஆலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தம்பி என் வீட்டுக்காரர். அண்ணனை வீட்டில் மூத்தவர் என்போம். அவர் பெண்சாதி, என் ஓரகத்தி, எனக்கு அக்கா. ஒரே அடுப்பு, ஒரே உலை.

எனக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு ஒரு பெண்குழந்தை, தவழ்கிற வயது. அதைக் குளிப்பாட்டுவது என் பொறுப்பு. அக்கா வயலுக்குப் போகிறவள், நான் வீட்டைப் பார்க்கிறவள், அதனால் அப்படி அமைந்தது. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, பதமான வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றுவேன். ஊற்றி முடித்ததும் அது என் தோளில்தான் தூங்கும். வேறு யார் தோளிலும் தூங்காது. அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரில் எவளாவது "இன்னும் ஒண்ணும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டால், தோளில் தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொண்டே, "இதுக்கே நேரம் போதல" என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

அரிப்பு வந்தது குளிர்காலத் தொடக்கத்தில். நான் பயப்படவில்லை. சின்ன வயதிலிருந்தே எது வந்தாலும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்கிற ஜாதி நான். முதலில் வெந்நீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓடைத் தண்ணீருக்கு மாறினேன். அந்தக் குளிரில் ஓடைத் தண்ணீரில் தலை முழுகினால் பல்லெல்லாம் தந்தி அடிக்கும். அடித்தது. அரிப்பு போகவில்லை. அடுத்து கடையில் வாங்குகிற நீலச் சவுக்காரத்தைச் சந்தேகப்பட்டேன். துணிக்கும் அதே, உடம்புக்கும் அதே. அதை நிறுத்திவிட்டுக் கடலைமாவு தேய்த்துக் குளித்தேன். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். ஈரம் காய்வதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவினேன், கொஞ்சம் தேவலை. ஒருநாள் துண்டை மறந்துவிட்டுப் போய், ஓடைக்கரை வெயிலில் அப்படியே நின்று காய்ந்துவிட்டு வந்தேன். அன்றைக்கு அரிப்பே இல்லை. ஆகா, அழுத்தித் தேய்க்கிறதுதான் கேடு என்று தீர்மானித்து, அதன் பிறகு துண்டை ஒற்றி ஒற்றி எடுத்தேன். மறுபடியும் அரித்தது.

என் வீட்டுக்காரர், "பட்டணத்துத் தோல், அதான்" என்று கிண்டல் பண்ணினார். அக்கா கிண்டல் பண்ணவில்லை. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொறிந்து சொறிந்து கை முழுக்கச் சிவப்புத் தடிப்பும் நகக்கீறலுமாக இருந்தது. அந்தக் காலத்தில் தோலில் ஒரு நிறம் மாறினால் போதும், ஜனங்களுக்கு ஒரே நினைப்புதான். பேரைச் சொல்லமாட்டார்கள், பெருவியாதி என்பார்கள். வந்தவர்களை ஊரோடு வைத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஒரு காலையில் நான் காலை நீட்டி உட்கார்ந்து குழந்தைக்குப் பாதி எண்ணெய் தேய்த்திருந்தேன். அக்கா வந்தாள். குனிந்து, வழுவழுவென்றிருந்த பிள்ளையைப் புடவைத் தலைப்பால் பிடித்து என் காலிலிருந்து தூக்கினாள்.

"இனிமே நானே ஊத்திக்கிறேன்" என்றாள்.

"ஏன் அக்கா? வயலுக்கு நேரமாகலையா?"

"நேரமானா ஆகட்டும். நீ கொஞ்ச நாளைக்குப் பாப்பாவைத் தொடாதே, தங்கச்சி. உன் உடம்பு சரியாகட்டும்."

அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவளோ கெஞ்சுகிறவள் மாதிரி சொன்னாள். நீட்டின கால் நீட்டினபடியே இருந்தது, எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. பானையில் விளாவி வைத்த தண்ணீர் ஆறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்கப்புறம் எனக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. குழந்தை என்னைப் பார்த்துத் தவழ்ந்து வரும். நான் எழுந்து வாசலுக்குப் போய்விட வேண்டும். அது வாசற்படி வரை வந்து, கையைத் தூக்கிக்கொண்டு வீறிட்டு அழும். தினமும் இதே கூத்து. என் வீட்டுக்காரர் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்தார். ஒருநாள் மட்டும், "கரும்பு வெட்டு முடிஞ்சதும் உன்னை ரயிலேத்தி உங்க அம்மா வீட்டுல விடட்டுமா?" என்றார். "நான் என்ன விருந்தாளியா, வந்த வழியே திரும்பிப் போக? இந்தப் பிள்ளையை மறுபடியும் என் காலில் போட்டுக் குளிப்பாட்டாமல் நான் எங்கேயும் போகிறதாக இல்லை" என்றேன்.

என் துணிமேலும் அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. அதுவரை அவள் துணியும் ஆண்கள் துணியும் குழந்தைத் துணியும் வாசல் பக்கத்துக் கொடியில் காயும், என் துணி வீட்டுக்குப் பின்னால் இருந்த வேலியில் காயும். "காத்தடிச்சா எல்லாம் அடுப்படிக்குத்தான் வருது. நீ ஓடைப் பக்கம் காயப்போட்டுக்கோ" என்றாள். சரி என்று ஓடைப் பாறையில் காயப்போட்டேன்.

என்ன அதிசயம், நாலைந்து நாளில் அரிப்பு விட்டது. தடிப்பு வற்றிவிட்டது, கீறல் ஆறிவிட்டது. எல்லாம் என் வைத்தியத்தின் மகிமை என்று நான் தலைகால் புரியாமல் ஆடினேன். வேப்பிலைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் நான் பாடின பாட்டை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கையை நீட்டி அக்காவிடம் காட்டினேன். அவள் தள்ளி நின்றே பார்த்தாள். "வெளியே ஆறிடும். உள்ளே இருக்கும்" என்றாள். உள்ளே இருப்பதை நான் எப்படித் திறந்து காட்டுவது? அப்போது வந்த ஆத்திரத்துக்கு ஒரு பானையாவது உடைந்திருக்கும். பானை அக்காவின் சீர் பானை என்பதால் விட்டுவிட்டேன்.

குளிர் ஏறியது. இந்தத் தீவில் குளிர்காலத்து வெயில் வடக்கே சாய்ந்து வரும். எங்கள் வாசல் தெற்குப் பார்த்தது, நிழல் கட்டிப்போய்த் துணி காயவே காயாது. குழந்தைத் துணி வேறு நாளுக்கு ஒரு குவியல். பின்வேலியில்தான் நல்ல வெயில், அதுவும் இப்போது காலி. அக்கா அந்த வேலி முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்தாள், என் தீட்டுப் போவதற்காக. பிறகு குழந்தையின் துணியை எல்லாம் அதில் விரித்தாள். நான் ஓடையிலிருந்து வரும்போது அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நேரே உள்ளே போய் அரிசி களைந்தேன்.

மறுநாள் குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டித் தூக்கியவுடன் அது அலறியது. பசியழுகை எனக்குத் தெரியும், தூக்க அழுகை தெரியும், இது வேறு. உடம்பை முறுக்கிக்கொண்டு, மூச்சுப் பிடித்து அழுதது. அடுத்த நாளும் குளித்ததும் அதேபோல. வயிறும் தொடையும் சிவந்து தடித்துவிட்டன. அன்று ஆலைக்கு லீவு, எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீ தொட்டியா? உண்மையைச் சொல்லு. நான் வயலுக்குப் போனப்போ தொட்டியா?"

"தொடலை."

"அப்புறம் எப்படி வரும்?"

"தொட்டிருந்தா சந்தோஷமா ஒத்துக்குவேன் அக்கா. அந்தக் கொடுப்பினைகூட எனக்கு இல்லை. ஒரு மாசமா உன் பிள்ளை வாசப்படியில அழுறதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நான் தொடலை."

சொல்லும்போதே என் மனசில் ஒன்று நெருடியது. நான் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் என் உடம்பிலிருந்து போகவில்லை. எனக்கு எப்படி வந்ததோ அப்படியே அதற்கும் வந்திருக்கிறது. அதுவும் குளித்ததும் வருகிறது. அக்காவின் தோளில் கிடந்த குழந்தைத் துண்டைப் பார்த்தேன்.

"இது எங்கே காஞ்சது?"

"பின்வேலில. மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுத்தான் போட்டேன்."

அவள் தோளிலிருந்து துண்டை வெடுக்கென்று இழுத்தேன். எல்லாரும் பார்க்க, ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டு, இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் அந்தத் துண்டைப் போட்டுத் தேய்த்தேன். என் வீட்டுக்காரர் "ஏய், என்ன பண்றே?" என்று எழுந்து வந்தார். "பேசாம இரு" என்றேன். அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொடங்கியது, அதே அரிப்பு, அதே தடிப்பு. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சொறியாமல் கையை நீட்டிக்கொண்டே நின்றேன், எல்லாரும் நன்றாகப் பார்க்கட்டும் என்று.

மூத்தவர் துண்டை வாங்கி வெயிலுக்கு நேரே பிடித்தார். பூனைமுடி மாதிரி பொன்னிறத்தில் என்னவோ அதில் பளபளத்தது. அவர் மடமடவென்று வீட்டுக்குப் பின்னால் போனார், நாங்களும் போனோம். வேலிக்கு அப்பால் தோட்டத்துரையின் நிலம் அந்த வருஷம்தான் தரிசாகக் கிடந்தது. அங்கே நின்ற நாவல்மரத்தில் ஒரு கொடி ஏறி, அதன் காய்கள் எங்கள் வேலிக்கு நேர் மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கின. பழுப்பாக, வெல்வெட்டு போர்த்தின மாதிரி இருக்கும். நான் அதைத் தினமும் பார்த்திருக்கிறேன், அழகாக இருக்கிறதே என்றுகூட நினைத்திருக்கிறேன். பட்டணத்தில் பிறந்தவளுக்கு அது என்ன தெரியும்?

"பூனைக்காலி" என்றார் மூத்தவர். இங்கே கிரியோல் பேச்சில் அதைப் புவாகிராத்தே என்பார்கள். காய் முற்றினால் அதன் மேலுள்ள மெல்லிய முள்முடி, அதாவது சுனை, காற்றில் பறக்கும், பட்ட இடம் பற்றி எரியும். கரும்பு வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் அது தெரியும், அக்காவுக்கும் தெரியும். அவள் அந்த வேலிப் பக்கம் வந்தது குழந்தைத் துணியைப் போடத்தான், வந்தவள் மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை. ஈரத்துணியில் விழுந்த சுனை காய்ந்து ஒட்டிக்கொள்ளும், அதை எடுத்து உடம்பெல்லாம் துடைத்துக்கொள்வோம். அவ்வளவுதான் என் பெருவியாதி.

மூத்தவர் சொன்னபடி, தண்ணீர் ஊற்றாமல், ஆறின அடுப்புச் சாம்பலைச் சலித்துக் குழந்தை உடம்பில் அப்பி, மெத்தென்ற துணியால் வழித்தெடுத்து, எண்ணெய் தடவினோம். தடவினாள் அக்கா, நான் தள்ளி நின்று கிண்ணத்தைக் காலால் நகர்த்திக் கொடுத்தேன். பிள்ளை மெல்ல அடங்கியது. அடங்கினதும் என் பக்கம் திரும்பி வழக்கம்போல இரண்டு கையையும் தூக்கியது.

அக்கா எழுந்து வந்தாள். பிள்ளையை என் முன்னால் நீட்டினாள்.

நான் பின்னால் நகர்ந்தேன். ஒரு மாசமாக எதற்காகச் செத்துக்கொண்டிருந்தேனோ அது கைக்கெட்டின தூரத்தில் காலை உதைத்துக்கொண்டிருந்தது. "வேண்டாம் அக்கா. என் கை பூராவும் சுனை. பாப்பா மேல பட்டுடும்" என்றேன்.

அக்கா பிள்ளையை மூத்தவரிடம் கொடுத்தாள். சாம்பல் முறத்தை எடுத்து வந்து, என்னைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சாம்பலை அப்பி வழித்தாள். பிறகு எண்ணெய் ஊற்றி, வெறுங்கையால் முழங்கையிலிருந்து விரல்நுனி வரை இழுத்து இழுத்து வழித்தாள். ஒரு துணியை வைத்துச் செய்யலாம் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. அவள் மணிக்கட்டு சிவந்து தடித்துக்கொண்டு வந்தது. இரண்டு கையும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தாள். மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை, அது அவளுக்கு வராது.

"போய்ப் புடவையை மாத்திட்டு வந்து பாப்பாவை வாங்கிக்கோ" என்றாள். "இனி நான் தொடக்கூடாது. உன் கைதான் சுத்தம்."