சொலெதாத் என்ற பெயருக்கு நான் எழுதிய அர்த்தம்

வளைகுடா நாடு ஒன்றில், முவைலா என்ற இடத்தில் ஒரு மாலில், எஸ்கலேட்டர் இறங்குகிற இடத்தில், நாலு பக்கமும் திறந்த ஒரு சின்னக் கடையில் நான் நிற்கிறேன். உட்கார ஸ்டூல் உண்டு. உட்கார்ந்தால் சூப்பர்வைசருக்குப் பொறுக்காது. அப்படி என்னப்பா விற்கிறாய் என்று ஊரில் கேட்பார்கள். பெயர் விற்கிறேன் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன. பெயரைச் சொன்னால் கம்ப்யூட்டரில் தட்டுவேன். அது எந்த மொழிப் பெயர், என்ன அர்த்தம் என்று திரையில் வரும். அதைப் பூப்போட்ட அட்டையில் அச்சடித்து, சட்டம் போட்டு, பையில் வைத்துக் கொடுப்பேன். இதையும் ஒரு மனுஷன் வாங்குவானா என்று என் உம்மா இன்றைக்கு வரைக்கும் கேட்கிறாள். வாங்குகிறார்கள்மா. பக்கத்தில் இல்லாத ஆளுக்குத்தான் அதிகம் வாங்குகிறார்கள்.

மலையாளிகள் குழந்தைக்கு வாங்குவார்கள், எகிப்துக்காரர்கள் பெண்டாட்டிக்கு. பிலிப்பைன்ஸ்காரர்கள் மாமி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரி என்று யாரையும் விடமாட்டார்கள். அவர்கள் சொல்லும் பெயரைத் தட்டினால் பாதிக்குப் பாதி ‘ஸ்பானிஷ்’ என்று வரும். ஆரம்பத்தில் மிஷினுக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் விளங்கியது. ஸ்பெயின்காரன் முந்நூறு வருஷத்துக்கு மேல் அந்த நாட்டைக் கட்டி ஆண்டிருக்கிறான். அவன் போய்விட்டான், பெயர்கள் அங்கேயே தங்கிவிட்டன. அர்த்தங்களைப் பார்த்தால் நம்பிக்கை, ஆறுதல், அற்புதம் என்று வரும். சரி, நல்லதுதான். திடீரென்று ‘துயரங்கள்’ என்று ஒன்று வந்தது பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெத்த பிள்ளைக்கு யாராவது துயரம் என்று பெயர் வைப்பார்களா?

எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் அர்த்தம் கேட்டுவிட்டுத்தான் பெயர். என் மகளுக்கும் அப்படித்தான் வைத்தோம். ‘கண்ணுக்குக் குளிர்ச்சி’ என்று அர்த்தம். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது.

மேல்மாடி சலூனில் நகத்துக்கு வண்ணம் பூசும் வேலையில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் இருந்தாள். என் அக்கா வயசு இருக்கும். அக்காவை நாங்கள் ராத்தா என்போம். இவளையும் மனசுக்குள் நான் ராத்தா என்றே வைத்திருந்தேன். அவள் என்னை பாய் என்பாள். டீ பிரேக்கில் கீழே வந்து, கடைக்கு எதிரே நின்று குடித்துவிட்டுப் போவாள். பாதி ஹிந்தி, பாதி இங்கிலீஷ், மிச்சம் கையசைப்பு, இதுதான் எங்கள் பாஷை. ஒருநாள் வந்து, ஒரு அட்டை வேண்டும், பெயர் சொலெதாத் என்றாள்.

தட்டினேன். ஸ்பானிஷ், அர்த்தம் தனிமை என்று வந்தது.

உங்க அம்மாவுக்கா என்று கேட்டேன். கேட்டதில் காரணம் இருக்கிறது. அந்த மாதிரிப் பெயரெல்லாம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும்தான் விற்கும். இளசுகள் எல்லாம் டிவியில் கேட்ட இங்கிலீஷ் பெயர்கள்தான். ராத்தா இல்லை என்று தலையாட்டினாள். மகளுக்காம். அதோடு விட்டாளா? அர்த்தத்தை மட்டும் வேறு மாதிரிப் போட முடியுமா என்றாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. இது என்ன பிரியாணியா, காரத்தைக் குறைத்துப் போட என்று சொல்லிவிட்டேன். இப்படிக் கேட்டு நச்சரிக்கிறவர்கள் நிறையப் பேர். ஒருத்தன் தன் மேனேஜர் பெயருக்குச் ‘சிங்கம்’ என்று போடச் சொல்லி மல்லுக்கு நின்றிருக்கிறான். ராத்தா சிரிக்கவில்லை, போகவும் இல்லை. டீயை ஸ்டூல் மேல் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் ஊர் கடலோரம். அவர்கள் ஊர்க் கோயில் மாதாவின் பெயர்தான் சொலெதாத். வெள்ளிக்கிழமை அவள் மகனைச் சிலுவையில் கொன்றுவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை அவர் உயிர்த்தெழுவார். நடுவில் ஒரு சனிக்கிழமை இருக்கிறதே, அன்றைக்கு அந்தத் தாய்க்கு யாருமே இல்லை. அந்த நிலைக்குத்தான் அந்தப் பெயர். விதவை மாதிரிக் கறுப்பு உடுத்தி நிற்பாளாம். ஸ்பெயினில் தொடங்கிய பக்தி, கப்பலேறி மெக்சிகோவுக்கும் இவர்கள் ஊருக்கும் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வீட்டுக்கு ஒரு சொலெதாத் இருப்பாளாம். இப்போது ஸ்பெயினிலேயே கிழவிகளுக்குத்தான் அந்தப் பெயர் என்றாள். ஆனால் மாரிசோல் என்று ஒரு பெயர் என்னிடம் நன்றாக விற்கும். அதுவே மரியா சொலெதாத்தைச் சுருக்கியதுதானாம். என் மிஷினோ அதற்குக் கடலும் சூரியனும் என்று அர்த்தம் காட்டும். துக்கத்தை வெட்டிவிட்டால் பெயர் விலைபோகிறது, வேறென்ன.

மகளுக்கு இரண்டு வயசு நிறையும் முன்பே ராத்தா இங்கே வந்துவிட்டாள். வளர்த்தது ராத்தாவின் அக்கா. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எல்லாப் பிள்ளைகளும் தங்கள் பெயருக்கு அர்த்தம் தேடியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் போனில் மகள் கேட்டாளாம்: “பேரையும் வச்சுட்டு, அதை நிஜமாக்குறதுக்குத்தான் போனீங்களா?” அதற்கப்புறம் அவள் போனை எடுப்பதே இல்லை. பெரியம்மா வீடியோ காலில் பேசும்போது மகள் பின்னால் நடந்து போவது மட்டும் தெரியுமாம்.

இப்போது மகளுக்குப் பதினெட்டு முடியப்போகிறது. அவர்களுக்கு அது பெரிய விசேஷம், நம் ஊர்க் கல்யாணம் மாதிரிச் செய்வார்கள். தாய் இல்லாமல் நடக்காது. ஆனால் அது பெருநாள் நேரம், சலூனில் கூட்டம் அள்ளும், லீவு மாஃபி, கிடையவே கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். அதனால் கப்பலில் ஒரு பெட்டி போகிறது. சட்டைத்துணி, செருப்பு, சாக்லேட் எல்லாம் வாங்கியாயிற்று. அதோடு இந்த அட்டையும் போக வேண்டும். தான் வாயால் சொன்னால் நம்பமாட்டாள், அச்சடித்து வந்தால் நம்புவாள் என்றாள். மகளிடமிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

என்ன போடட்டும் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு, அன்று பகல் முழுக்க, கஸ்டமர் இல்லாத நேரமெல்லாம் எழுதி எழுதி அழித்தேன். ஸ்பெயினையும் தெரியாது, மாதாவையும் தெரியாது. ஆனாலும் ஒரு வெறி வந்துவிட்டது. கடைசியில் இப்படி முடித்தேன்: ‘எல்லோரும் போன பிறகும் இடத்தை விட்டு நகராமல் கூடவே இருப்பவள்.’ வாசித்ததும் ராத்தா கண்ணை மூடிக்கொண்டாள். மாதா அப்படித்தான் நின்றாள், இது பொய்யே இல்லை என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருப்பதிலேயே நல்ல சட்டமாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தேன்.

பெட்டி போய்ச் சேரக் கப்பலில் வாரக்கணக்காகும். அதுவரை தினமும் எஸ்கலேட்டரில் இறங்கும்போதே இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டு வருவாள். எனக்கும் பித்துப் பிடித்துவிட்டது, அவள் தலையைப் பார்த்துத்தான் என் பொழுதே போயிற்று. அந்த நாட்களில் வீட்டுக்கு வீடியோ கால் போட்டால், “வாப்பாவுக்கு சலாம் சொல்லு” என்று என் பெண்டாட்டி கத்துவாள். மகள் வந்து நெற்றியை மட்டும் காட்டுவாள். சலாம் சொல்வாள். ஓடிவிடுவாள். கண்ணுக்குக் குளிர்ச்சியாம். கண்ணிலேயே படமாட்டேன் என்கிறாள். ஆலிம்சாவைக் கேட்டு வைத்த பெயரும் ஒன்றுதான், கேட்காமல் வைத்த பெயரும் ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது. ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது.

பதில் வந்தது. ராத்தா போனை நீட்டினாள். என் அட்டை சுவரில் மாட்டியிருக்கிற படம், அதற்குக் கீழே மகள் எழுதியிருந்தாள். “அர்த்தம் சரிதான். இங்கேயே கூடவே இருந்தது நான்தான். போனது நீங்க.”

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. எழுதியது நானாயிற்றே. அந்த வாக்கியத்தை அப்படித் திருப்பிப் பிடித்தால் கத்தி என்பது என் மரமண்டைக்கு ஏன் உறைக்கவில்லை? தப்பாகப் போச்சு ராத்தா, வேற எழுதித் தருகிறேன் என்று உளறினேன். அவளோ, பதில் போட்டாளே பாய், அது போதும் என்றாள். அதைக் கேட்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. இதையும் ஒரு லாபமாக எடுத்துக்கொள்கிற அளவுக்கா ஒரு மனுஷியைக் காயப்போடுவது?

அதற்கப்புறம் பல மாதம் ஒன்றுமில்லை. அவள் தலையாட்டுவதையும் விட்டுவிட்டாள், நானும் கேட்பதை விட்டுவிட்டேன். டீ குடிப்போம், அவரவர் வேலைக்குப் போவோம்.

போன மாதம் ஒருநாள் டீ நேரம் இல்லாத நேரத்தில் அவள் எஸ்கலேட்டரில் இறங்கி வந்தாள். மேலே ஒரு கஸ்டமரின் கையை வெந்நீரில் ஊறவைத்துவிட்டு வந்திருக்கிறாள். மகள் கூப்பிட்டாளாம், அவளாகவே. அரை மணி நேரம் பேசினாளாம். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அல்ஹம்துலில்லாஹ் என்று கையைத் தூக்கிவிட்டேன். ராத்தா முகத்தில்தான் சுரத்தே இல்லை.

மகளுக்கு விசா வந்துவிட்டது. தோஹாவில் ஒரு ஹோட்டலில் ரூம் கிளீனிங். அடுத்த வாரம் ஃபிளைட். இங்கிருந்து தோஹா ஒரு மணி நேர ஃபிளைட்தான். ஆனால் இவளுக்கு லீவு கிடைக்காது, அவளுக்கு முதல் காண்ட்ராக்ட் முடிகிற வரைக்கும் வெளியே வர வழியில்லை. கடலைத் தாண்டி இத்தனை பக்கத்தில் வந்தும் பார்க்க முடியாது. பழைய சண்டையை மகள் போனில் எடுக்கவே இல்லையாம். எந்த மாதிரி ஷூ வாங்கணும், அரிசி கொண்டுவரணுமா, மேனேஜரை எப்படிக் கூப்பிடணும் என்று ஒன்று ஒன்றாகக் கேட்டிருக்கிறாள். இவளும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் தாயும் மகளும் இவ்வளவு நேரம் பேசியது இதுதான் முதல் தடவை.

வைக்கும் முன் மகள் ஒன்று கேட்டிருக்கிறாள். “அங்க வந்தா அழுகை வரும்னு எல்லாரும் சொல்றாங்க. எத்தனை மாசத்துல நிக்கும்மா?”

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

“மூணு மாசம்னு சொன்னேன் பாய்,” என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.