பதினாறில் ஏசி, மேலே கம்பளி

அன்று ரூமில் இருந்தவர்கள்: நான், காதர் பாய், செல்வம், வாசலில் நின்ற நாத்தூர் — அதாவது வளைகுடாவில் நாங்கள் குடியிருக்கும் முவைலா கட்டிடத்தின் காவலாளி. ஐந்தாவதாக ஏசி. அது எப்போதும் பதினாறில்தான் இருக்கும்.

போன மாதம், ஒரு ஞாயிறு மதியம்.

"பாய், இஸ் மஹினா ஸே பிஜிலி கா பில் அலக். கலாஸ்!" என்று நாத்தூர் போய்விட்டார். இதுவரை வாடகையோடு சேர்ந்திருந்த கரண்ட் பில் இனி தனி.

எனக்குக் கவலைப்படக் காரணமே தேவையில்லை. காரணமும் கிடைத்துவிட்டால்?

காதர் பாய் தீர்மானமாகச் சொன்னார். "எம்மவ காலேஜ் ஃபீஸ்ல கை வைக்க முடியாது தம்பி. பில் எகிறுச்சுன்னா சஜா பக்கம் சல்லிசா ஒரு பெட் பாத்துட்டுப் போயிருவேன்."

அவர் போனால் மிச்ச இரண்டு பேரால் வாடகை கட்ட முடியாது. ரூமே கலைந்துவிடும். ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள்...

"ஏசியை இருபத்திநாலுல வைப்போம்" என்றேன்.

கம்பளிக்குள்ளிருந்து செல்வத்தின் தலை வெளியே வந்தது. அவனுக்கு டியூட்டி எங்கே தெரியுமா? பாலைவனத்தில், சோலார் சைட்டில். பேனல்களில் படியும் மணலைத் துடைக்கிற வேலை.

"அண்ணே, நீங்க வேலை பாக்குற கடையில நிழல் இருக்கு. ஒரு நாள் எங்க சைட்டுல வந்து நில்லுங்க. அப்புறம் நம்பர் சொல்லுங்க."

"பகலெல்லாம் வெயில்ல கரண்ட் புடிக்கிற. வந்து நீயே குடிச்சிடுறியேடா?"

"நான் புடிச்சது, நான் குடிக்கிறேன்!"

காதர் பாய் சிரித்துவிட்டார். நான் விடுவதாக இல்லை.

"குளுருதுன்னுதானே கம்பளி? அப்ப பதினாறு எதுக்கு?"

செல்வம் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டான். வளைகுடா பேச்சிலர் ரூம்களின் வழக்கமே இதுதானே? குளிரை வரவழைத்துவிட்டு, அதற்குப் பயந்து கம்பளிக்குள் ஒளிவோம். பில் வேறொருவர் தலையில் என்கிற தைரியம்!

ஆனால் அவன் பக்கமும் நியாயம் இருந்தது. என் கட்டில் ஏசிக்கு நேர் எதிரே. அவனுடையது மேற்கு ஜன்னலோரம் — சுவரே சுடும். நான் என் படுக்கையைச் சுருட்டினேன்.

"இனிமே நீ இங்க படு. ஒரு ஃபேனும் வாங்குவோம். ஆனா ரிமோட்டைத் தொட்டே... கையை ஒடிச்சிருவேன்."

"கம்பளி?"

"பெட்டிக்குள்ள!"

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். யூனிட் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. காலடியில் எண்ணெய் வைத்திருக்கிற நாடே, நாளையை நினைத்து மணலில் பேனல் விரிக்கிறது. ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் வைத்திருக்கிற நான் கவலைப்பட்டால் தப்பா? என்ன, கவலைப்பட்டால் மட்டும் போதாது. ரிமோட்டையும் கையில் எடுக்க வேண்டும்.

முதல் பில் வந்தது. காதர் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மூன்றாகப் பிரித்தார். "மகளுக்கு இந்த மாசமும் முழுசா அனுப்பிரலாம்" என்றார். சஜா பேச்சு அதோடு நின்றது.

நான் ஜன்னலோரம் வியர்த்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறேன். செல்வம்தான் தினமும் எழுப்பி ஞாபகப்படுத்துகிறான் — ஃபேன் வாங்கியதில் என் பங்கு, முப்பது திர்ஹம், இன்னும் பாக்கி!