வியாழன் சாம்பிராணியும் மூன்றாம் பாடமும்

"கிழமைக்கு ஐந்து மணித்தியாலம் வீட்டில் வாசித்தால் போதும்" என்று எங்களுக்கு வகுப்பெடுக்கும் பயிற்சியாளர் சொன்னார். ஐந்து மணித்தியாலமா? எனக்கு ஐந்து நிமிடம்கூட மிச்சமில்லை.

நான் கல்முனையில் குளிர்சாதனப் பெட்டியும் ஏ.சி.யும் திருத்தும் கடையொன்றில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். பெயர் நௌபர். வாப்பா நெஞ்சு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்ததால் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஆனால் பக்கம் முடிவதற்குள் முதல் வரி மறந்துவிடும். இதை உங்களுக்கு எழுதவே நான்கு நாள் எடுத்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அல்லாஹ் செய்த உதவியைச் சொல்லாமல் விடுவது அதைவிடப் பெரிய பிழை.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, எங்கள் முதலாளி ஹாஜியார் என்னையும் என்னோடு வேலை செய்யும் பஸ்லியையும் கூப்பிட்டார். இப்போது வரும் ஏ.சி.களில் புதிய கேஸ். பழையதைப் போலல்ல, இது தீப்பற்றும். அதனால் சான்றிதழ் வேண்டும். சனிக்கிழமை காலைகளில் அட்டாளைச்சேனையில் வகுப்பு, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் சோதனை. சான்றிதழ் இல்லாதவர் புதிய மெஷினில் கை வைக்க முடியாது.

"பெயில் ஆனா, ஹாஜியார்?" என்று கேட்டேன்.

"பெயில் ஆனா கடையைக் கூட்டித் துடைக்கிறதுதான்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. படிக்காதவன் என்று தெரிந்தும் ஏன் என்னை அனுப்புகிறார்? 'போ' என்று முகத்துக்கு நேரே சொல்ல வெட்கப்பட்டு, சோதனையைக் காட்டி வெளியே அனுப்பப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பஸ்லி வேறு, "மச்சான், விளங்காட்டி என்னட்டக் கேளு" என்றான். ஸ்பானரைக்கூட இரவல் தராதவன்! எனக்கு என்ன தெரியாது என்று அறிந்து ஹாஜியாரிடம் சொல்லத்தான் இந்த அன்பு என்று முடிவு கட்டினேன்.

நல்ல வெயில் காலம். காலை எட்டுக்குத் தொடங்கினால் மருதமுனை, காரைதீவு, மாவடிப்பள்ளி என்று ஊர் ஊராக ஓட்டம். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகுதான் கடை பூட்டுவோம். பூட்டிவிட்டு வீட்டுக்குப் பாதி தூரம் வந்ததும், பூட்டினேனா, கேஸ் சிலிண்டரை இறுக்கினேனா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். சில நாள் இரண்டு தரம். கடைக்கு மேல்மாடியில்தான் ஹாஜியார் குடியிருக்கிறார். அவர் இருந்தும் எனக்கு மனம் ஆறாது.

பாடக் கையேட்டை அலுமாரிக்கு மேலே வைத்தேன். திறக்கவில்லை. முதல் சனிக்கிழமை வகுப்பில் கேட்ட எதற்கும் என்னிடம் பதிலில்லை. விடியக்காலை ஸுபஹ் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். "யா அல்லாஹ், எனக்கு நேரம் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் தா. என் பிள்ளைகளின் சோற்றைப் பறித்துவிடாதே." தினமும் இதே துஆ. மனம் விட்டு அழுதேன்.

இரண்டு கிழமை போனது. ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் எனக்கு எதிராகவே தெரிந்தது.

ஒருநாள் கையேட்டை எடுத்தால், இருபதாம் பக்கத்தில் மஞ்சள் கறை. நான் திறக்காத புத்தகத்தில் யார் கை வைத்தது? என் மனைவி பர்ஹானாவின் போனுக்குப் பஸ்லியின் மனைவி அடிக்கடி அழைப்பு எடுக்கத் தொடங்கினாள். நான் வந்தால் கதை நின்றுவிடும். ஒரு பகல் சாமான் எடுக்க வந்தேன். குசினிக்குள் அடுப்படியில் நின்று பர்ஹானா மெல்லிய குரலில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டதும் போன் சீலைக்கு அடியில் போனது.

"ஆரோட கதைச்ச?"

"ஒருத்தரோடயும் இல்ல. நீங்க சாமான எடுத்துட்டுப் போங்க."

ஒருவரோடும் இல்லையாம்! என் இடத்தைப் பஸ்லிக்குக் கொடுக்கிறார்கள், இவளுக்கும் அது தெரியும், எனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் கூடிப் பேசுகிறார்கள் என்று எண்ணினேன். அன்று சாப்பிடாமலே கடைக்குத் திரும்பினேன்.

மறுநாள் பின்னேரம் அவள் அஸர் தொழ நின்றாள். போன் பக்கத்தில் கிடந்தது. நான் செய்தது நல்ல காரியம் அல்ல. எடுத்துப் பார்த்தேன். அதில் பதினொரு ஒலிப்பதிவுகள். ஒன்றை அழுத்தினேன்.

"பிஸ்மில்லாஹ். இது மூணாம் பாடம். கவனமாக் கேளுங்க. ஏ.சி.ய கழட்ட முதல் அதில ஒட்டியிரிக்கிற ஸ்டிக்கரப் பாக்கணும், என்ன கேஸ் எண்டு..."

பின்னால் கோழிச் சத்தம். நடுவில் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறார்கள். அவள் நிறுத்தி, பாங்கு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள்.

தொழுகை முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியவள் என் கையில் போனைக் கண்டாள்.

"கள்ளனப் புடிச்சிட்டீங்களா?"

போனை அவளிடம் நீட்டினேன்.

"உங்களுக்கு வாசிக்க ஏலா. கேக்க ஏலும்தானே? கையேட்ட நான் வாசிச்சிப் பதிஞ்சன், விளங்காத இடத்துக்குப் பஸ்லிர பெண்சாதிதான் வகுப்பு நோட்டப் படம் புடிச்சி அனுப்பினவ. பஸ்லியே குடுக்கச் சொன்னவராம்."

"ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா நூறு கேள்வி கேப்பீங்க. முழுசா முடிச்சித் தருவம் எண்டு இருந்தன்."

"கேக்கிறதுக்கும் நேரம் வேணுமே?"

"பூட்ட இழுத்துப் பாக்க மட்டும் தினம் ரெண்டு தரம் போறீங்க. அதுக்கு எங்கால நேரம்?"

அவள் சொன்னது உண்மை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஏ.சி.க்குக் கேஸ் ஏற்றுவதற்கு முன் குழாயிலுள்ள காற்றை ஒரு பம்ப் இழுத்தெடுக்கும். அது அரை மணித்தியாலம் ஓடும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம். பத்தொன்பது வருடமாக அந்த நேரம் முழுவதும் நான் பக்கத்தில் குந்தியிருந்து கவலைப்பட்டிருக்கிறேன். நான் அழுது கேட்ட மணித்தியாலத்தை அல்லாஹ் முன்னமே என் வேலைக்குள் வைத்திருந்தான். அதில் கேட்பதற்கு ஒரு குரலையும் வைத்தான்.

அன்றிலிருந்து பம்ப் ஓடும்போது என் போனில் பர்ஹானா பாடம் சொல்வாள்.

சோதனைக்கு ஒரு கிழமைக்கு முந்திய வியாழன் பின்னேரம் நற்பிட்டிமுனையில் ஒரு வீடு. படுக்கையறை ஏ.சி. குளிர்வதில்லை. பழைய பழக்கத்தில் நேரே குழாய் மூட்டைக் கழற்றி, நெருப்புப் பிடித்து ஒட்டப் போயிருப்பேன். கை குறட்டைத் தேடும்போதே மூன்றாம் பாடம் நினைவில் வந்தது. ஸ்டிக்கரைப் பார்த்தேன். புதிய கேஸ். எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். மூட்டில் சவர்க்கார நுரையைப் பூசினேன். நுரை கொதிப்பதுபோலக் குமிழிட்டது. கேஸ் அறைக்குள்தான் கசிகிறது.

அப்போது சாம்பிராணி மணத்தது. வியாழன் மாலையே தொடங்கிவிடும் வெள்ளி இரவுக்காக, அந்த வீட்டுப் பெண் சிரட்டைத் தணல் சுவாலை விடும் சட்டியோடு வாசற்படியில் நிற்கிறார்.

"ராத்தா, நில்லுங்க! உள்ளுக்கு வராதீங்க!"

"என்ன தம்பி, ஷைத்தான்கூடச் சாம்பிராணிக்கு இப்பிடிக் கத்த மாட்டானே!"

"நெருப்ப முத்தத்துக்குக் கொண்டு போங்க ராத்தா. பொறகு நூறு தரம் காட்டலாம்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் முற்றத்தை அடையும்வரை வாசலை மறித்து நின்றேன். அந்தக் கேஸ் பற்றியிருக்குமா, இல்லையா? எனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். நான் வேறு நெருப்புப் பிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சோதனையில் பயிற்சியாளர் கேட்டார்: "அறைக்குள்ள கேஸ் கசியிது. என்ன செய்வீங்க?"

"ஜன்னல் திறக்கணும். நெருப்ப அண்ட விடக் கூடாது. வியாழக்கிழமையெண்டா, சாம்பிராணி வச்சாச்சா எண்டு வீட்டாக்களக் கேக்கணும்."

அவர் சிரித்தார். பிறகு பேனாவை எடுத்துத் தன் கொப்பியில் அதை எழுதிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், நான் பாஸ். பஸ்லியும் பாஸ். வெளியே வந்து அவனைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. "ஸ்பானர் வேணுமா மச்சான்?" என்று கேட்டான்.

சான்றிதழை ஹாஜியாரிடம் நீட்டினேன். "உன்ன ஏன் அனுப்பினன் எண்டு நெனச்ச?" என்றார். "நீ வந்து வந்து பூட்ட இழுக்கிறத மேலயிருந்து பாக்கிறன் மனே. இந்தக் கேஸுக்கு அப்பிடிப் பயந்தாங்கொள்ளி ஒருத்தன்தான் தேவை."

இப்போது நான் சந்தேகப்படாமல் இருக்கிறேன் என்று சொன்னால் அது பொய். சந்தேகப்படுகிறேன், குழாய் மூட்டுகளை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தரம் நுரை பூசுகிறேன். மனிதர்களைச் சந்தேகிக்கும் எண்ணம் வந்தால் தவ்பாச் செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன். பூட்டை ஒரு தரம்தான் இழுக்கிறேன்.

என்னைப் போல நேரமில்லை என்று தவிக்கிற சகோதரர்களே, சகோதரிகளே, அல்லாஹ்விடம் வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டபின் உங்கள் வீட்டுக் குசினியில் ரகசியக் குரல் கேட்டால், கெட்டதாக எண்ண அவசரப்படாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பதினோராம் பாடம் முடிந்ததும் பர்ஹானா பதிவை நிறுத்த மறந்துவிட்டாள். பானை மூடி விழும் சத்தம் கேட்கிறது. பிறகு அவள் தனக்குள்ளே சொல்கிறாள்: "யா அல்லாஹ், இந்த மனிசன் பாவம். இவருக்கு லேசாக்கிக் குடு."

கையேந்தியது நான் மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைக் கேட்டதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இதை எனக்குப் பிழை திருத்தித் தரப் போகிறவள் அவள்தான். இப்போது அறிந்துகொள்வாள்.